கூலிக்கா, கட்டைக்கா?

கள்ளக்குறிச்சிப் பக்கம் மரம் கழிக்க ஆள் தேடுகிறவர்கள் பேரத்தை இரண்டு விதமாக ஆரம்பிப்பார்கள். "மேஸ்திரி, கூலி எவ்வளவு கேட்கிறீங்க?" என்பது ஒன்று. "கட்டையை நீங்களே ஏத்திக்கிட்டுப் போங்க, காசு மட்டும் கேட்காதீங்க" என்பது இன்னொன்று. இரண்டாவது பேரம் வீட்டுக்காரருக்கு லாபமாகத் தெரியும். கையைவிட்டு ஒரு ரூபாய் போகவில்லை, வேலையும் முடிந்தது. ஆனால் என் பக்கம் இருந்து பாருங்கள். என் கூலி கட்டையில்தான் இருக்கிறது என்றால் என் வாள் எந்தக் கிளைக்குப் போகும்? காய்ந்த சுள்ளியை எடுக்கவா ஏறுவேன்? தொடைக் கனத்தில் நல்ல கொப்பு இரண்டு இறங்கினால்தான் டிராக்டர் வாடகையாவது கட்டும். மரத்துக்கு வேண்டாத கிளைக்குச் சந்தையில் விலை இல்லை. விலை போகிற கிளை மரத்துக்கு வேண்டிய கிளை. தெருவோரம் மொட்டையாக நிற்கிற வேம்பையும் வாகையையும் பார்க்கும்போது, இது கட்டைக்குப் பேசிய வேலை என்று எனக்கு உடனே தெரிந்துவிடும்.

நான் கூலிக்கு மட்டும் ஏறுகிறவன். ஒரு வேலைக்கு நான்கு பேர் போவோம். மேலே ஒருவர், கயிறு பிடிக்க இருவர், தழையை ஒதுக்கிக்கொண்டே தெருவில் வருகிறவர்களை நிறுத்தி அனுப்ப ஒருவர். கூலியைச் சொன்னதும் "ஒரு கிளைக்கா இவ்வளவு?" என்று கேட்காத வீடு அபூர்வம். அந்த ஒரு கிளைக்குள் என்ன வேலை இருக்கிறது என்று இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் கல்வராயன் மலை, வெள்ளிமலைக்கும் அப்பால். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக ஏறினால் கரியாலூர் வரும், அதற்கு மேலே வெள்ளிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துண்டு இது. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். பெரியது 4000 அடி வரைக்கும் போகும். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது மலையின் இந்தப் பக்கம் அதோடு வந்தது, அந்தப் பக்கம் சேலத்தோடு இருக்கிறது. கடுக்காய், புளி, பலா, நெல்லி, தேன் என்று எங்கள் ஊரில் வருமானம் பாதி மரத்தின் மேலேதான் இருந்தது. அதனால் பையன்கள் நடக்கப் பழகிய கையோடு ஏறவும் பழகிவிடுவார்கள்.

பெரிய மரத்துக்கு அப்பா கண்ணேணி கட்டுவார். முழு மூங்கில் ஒன்றை வெட்டி, ஒவ்வொரு கணுவிலும் பக்கக் கிளையை அடியோடு சீவாமல் ஒரு சாண் விட்டு நறுக்குவார். அந்த முளைகள்தான் படி. மூங்கிலை மரத்தோடு சேர்த்து மூன்று இடத்தில் கட்டினால் 30 அடிக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் ஏறலாம். "ரெண்டு கால், ஒரு கை. இந்த மூணுல ஒண்ணுதான் ஒரு நேரத்துல நகரணும்" என்பார். மரத்துக்கு மரம் நம்பிக்கை வேறு என்பதையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். புளியங்கொம்பைப் பிடித்தான் என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை. கட்டை விரல் கனம் இருந்தாலே புளி ஒரு பையனைத் தாங்கும். நாவலும் முருங்கையும் கைக்கனம் இருந்தாலும் சொல்லாமல் முறியும். இன்றைக்கு எனக்கு இடுப்புப் பட்டை, கொக்கி, நைலான் கயிறு எல்லாம் உண்டு. ஆனால் எந்தக் கொப்பில் கால் வைப்பது என்பதை இன்றும் அப்பா சொன்ன கணக்கில்தான் முடிவு செய்கிறேன்.

ஏறத் தெரிந்த காலுக்கும் கோடாரி பிடித்த கைக்கும் வெளியே எப்போதும் கிராக்கி உண்டு. எல்லாக் கிராக்கியும் நல்லதில்லை. "மரம் வெட்டுற வேலைதான், சம்பளம் கையில" என்று ஏஜெண்டுகள் எங்கள் மலையிலும் ஜவ்வாது மலையிலும் ஆள் பிடித்து ஆந்திராவுக்கு வண்டி ஏற்றினார்கள். போய்ச் சேர்ந்த பிறகுதான் செம்மரம் என்று தெரிந்தவர்கள் உண்டு, தெரிந்தே போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் ஆந்திரப் போலீசின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் 5 பேருடைய உடல்கள் மிதந்தன. ஐந்து பேரும் கல்வராயன் மலையின் சேலம் பக்கத்துக்காரர்கள். அதே கோடாரி வேலையை ஊருக்குள், பட்டப்பகலில், கூலி பேசிச் செய்ய வழி இருந்திருந்தால் அந்த வண்டியில் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். கழிப்பு வேலைக்கு நியாயமான கூலி வேண்டும் என்று நான் மல்லுக்கு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேலை ஏறுவதற்கு முன்பே ஆரம்பமாகிவிடும். மரத்தை இரண்டு முறை சுற்றி வருவேன், முதல் சுற்றில் கண் தரையில்தான். தூரைச் சுற்றி மண் ஒரு பக்கம் வெடித்துப் புடைத்திருந்தால் வேர் கிளம்புகிறது என்று அர்த்தம். அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தால் உள்ளே வைரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. கோடாரியின் பின்பக்கத்தால் தூரைத் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல கட்டை 'டங்' என்று கெட்டியாகப் பேசும், பொந்து 'டொம்' என்று வாங்கும். அப்படி வாங்கினால் உடனே மரத்தைச் சாய்க்கக் கடப்பாரையைத் தேட வேண்டாம். பழைய புளியமரத்தில் பொந்து இல்லாததைத்தான் தேட வேண்டும், அவை பல தலைமுறையாக நிற்கின்றன. பொந்தைச் சுற்றி நல்ல கட்டை எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ ஊர் ஆராய்ச்சியாளர் க்ளாஸ் மாத்தெக் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். சுற்றுச்சுவரின் கனம் மரத்தின் ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தால் மரம் தாங்கும். அதாவது 2 அடி குறுக்களவுள்ள மரத்துக்குச் சுற்றிலும் 4 அங்குலம் நல்ல கட்டை. பொந்தின் வாய் ஒரு பக்கம் அகலமாகத் திறந்திருந்தால் இந்தக் கணக்கை நம்பக் கூடாது. வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிற என் மகள் இதைப் படித்துச் சொன்னபோது, கையில் இருந்த பழக்கத்துக்கு ஒரு எண் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

இரண்டாவது சுற்றில் கண் மேலே போகும். காய்ந்த கொப்பு, ஒன்றையொன்று தேய்க்கிற கொப்பு, கவையில் விரிசல். அப்புறம் குடியிருக்கிறவர்கள். ஆந்தையும் மைனாவும் குஞ்சோடு இருந்தால் வேலையைத் தள்ளிப் போடுவோம். கதண்டுக் குளவி இருந்தால் தள்ளிப் போடுவதா இல்லையா என்ற பேச்சே இல்லை. பானை அளவுக் கூடு இலைக்குள் மறைந்திருக்கும், மேலே போனவன் இரண்டு கையும் கயிற்றில் இருக்கும்போது அது கலைந்தால் அவனுக்கு ஓட இடமில்லை. எங்கள் வேலையில் வாளைவிட நான் பயப்படுவது கதண்டுக்குத்தான்.

சாமான்கள் என்று பார்த்தால் அதிகமில்லை. கோடாரி, கொடுவாள், வளைந்த கைரம்பம், தொரட்டி, இரும்பு ஆப்பு இரண்டு, கப்பி, மூன்று வகைக் கயிறு, மிஷின் வாள். 1926-ல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் செய்த முதல் மிஷின் வாளைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், அதுவும் மின்சாரத்தில்தான் ஓடியது. இப்போது என் தோளில் தொங்குவது பெட்ரோலில் ஓடுகிற ஐந்தாறு கிலோ சாமான். 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி நல்ல டூ-டி ஆயில். முழு வேகத்தில் அதன் செயின் விநாடிக்கு 20 மீட்டர் ஓடும். பலகையின் நுனியில் மேல் கால்பாகம் ஒரு கிளையை உரசினால் வாள் எகிறி வெட்டுகிறவன் முகத்துக்கே வரும். அதற்காகத்தான் முன்னால் ஒரு பிரேக் பட்டை வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலை செய்கிற பையன்களைப் பார்க்கிறேன். அப்படிப்பட்டவனை என் குழுவில் சேர்ப்பதில்லை. மிஷினைத் தோளுக்கு மேலே தூக்கி ஒற்றைக் கையால் அறுக்கிறவனையும் சேர்ப்பதில்லை. மேலே உயரத்தில், கைக்கனம் வரைக்கும் உள்ள கிளைக்குக் கைரம்பமே போதும், வெட்டும் சுத்தமாக இருக்கும்.

மிஷினுக்கு எமன் ஆணி. டியூஷன் போர்டு, கட்சிக் கொடி, டெங்கு விளம்பரம் என்று அடித்துவிட்டுப் போவார்கள். போர்டு போய்விடும், ஆணியை மரம் விழுங்கிவிடும். வருஷம் கழித்து உள்ளே இருக்கிற ஆணியில் செயின் பட்டால் பல் வரிசையாகப் போகும். செயின் அறுந்து பறந்தால் ஆளும் போவான். சாலையோர மரத்தைத் தொடும் முன் தரையிலிருந்து ஆள் உயரம் வரை பட்டையைக் கையால் தடவிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். விழுங்கின ஆணிக்கு மேலே பட்டை கொஞ்சம் புடைத்து, கறுத்த கசிவு ஒன்று காய்ந்திருக்கும்.

இனி வெட்டு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், உங்கள் வீட்டு வாசல் மரத்திலேயே சரிபார்க்கலாம். கிளை தூரோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். சட்டைக் கை தோளில் சேரும் இடத்தில் விழுகிற மடிப்பு மாதிரி பட்டை சுருங்கி வளையமாக நிற்கும். அந்த வளையம் கிளையுடையது இல்லை, மரத்துடையது. வெட்டு அதற்கு வெளியே, அதைக் காயப்படுத்தாமல் விழ வேண்டும். "நல்லா ஒட்டி வெட்டுங்க, முண்டு தெரியக் கூடாது" என்று வீட்டுக்காரர் சொல்வார். ஒட்டி வெட்டினால் அந்த வளையம் போய்விடும், காயத்தை மூடுகிற ஆளையே வெட்டி எறிந்த கணக்கு. சரி, அரை முழம் விட்டு வெட்டலாமா என்றால் அதுவும் தப்பு. விட்ட முண்டு காய்ந்து, அதன் வழியாகவே உளுப்பு உள்ளே இறங்கும்.

கனமான கிளையை ஒரே வெட்டில் எடுக்க முடியாது. மேலிருந்து அறுத்துக்கொண்டே வந்தால் பாதியில் கிளை தன் பாரத்தில் முறியும், முறிகிற கிளை பட்டையைத் தூர் வரைக்கும் உரித்துக்கொண்டு போகும். அதனால் மூன்று வெட்டு. முதலாவது கிளையின் அடிப்பக்கம், தூரிலிருந்து ஒரு முழம் தள்ளி, கனத்தில் கால் பங்கு. இரண்டாவது மேலிருந்து, முதல் வெட்டுக்கு இரண்டு மூன்று அங்குலம் வெளியே. பிளவு கீழ்வெட்டோடு நின்றுவிடும், கிளை விழுந்துவிடும். அதன்பின் பாரமில்லாத அந்த முண்டை, வளையத்துக்கு வெளியே மூன்றாவது வெட்டில் நிதானமாக எடுக்கலாம். ஒரு வருஷம் கழித்து அந்த மரத்தைப் போய்ப் பாருங்கள். காயத்தைச் சுற்றி முழு வட்டமாகப் புதுப்பட்டை உருண்டு வந்திருந்தால் வெட்டு சரி. இரண்டு பக்கம் மட்டும் உதடு மாதிரி வந்து மேலும் கீழும் திறந்து கிடந்தால் ஒட்டி வெட்டியிருக்கிறார்கள். வெட்டினது யார் என்று கேட்க வேண்டாம், அடுத்த முறை அவரைக் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

இதற்கெல்லாம் காரணம் கண்டு சொன்னவர் அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ. 1930-ல் பிறந்து 2006-ல் இறந்தவர். அவருக்கு முன்னால் பெரும்பாலும் மரத்தைக் குறுக்காக அறுத்துத்தான் பார்த்தார்கள். அவர் மிஷின் வாளை வைத்து ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து, பழைய காயங்கள் உள்ளே என்ன ஆயின என்று பார்த்தார். நம் உடம்பில் புண் ஆறும், கெட்ட சதை போய்ப் புதுச்சதை வரும். மரத்துக்கு அந்த வசதி இல்லை. கெட்டது கெட்டதுதான். மரம் செய்வதெல்லாம் அதைச் சுற்றி உள்ளே தடுப்பு எழுப்பி, உளுப்பைப் பரவவிடாமல் அடைத்து வைத்துவிட்டு, வெளியே புதிதாக வளர்வது. ஆகவே இருபது வருஷத்துக்கு முன் நீங்கள் போட்ட வெட்டு இன்னும் உள்ளே அப்படியே இருக்கிறது.

காயத்துக்குத் தார், பெயின்ட், சாணி என்று பூசச் சொல்வார்கள். தாரும் பெயின்டும் உளுப்பைத் தடுப்பதில்லை என்பதையும் ஷைகோ காட்டினார். சரியான இடத்தில் வெட்டிவிட்டுச் சும்மா விடுவதே பெரும்பாலும் நல்லது. மாமரத்துக்கு மட்டும் நான் விலக்கு வைத்திருக்கிறேன், அதற்குத் தண்டுத் துளைப்பானும் பூஞ்சையும் சீக்கிரம் வரும். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர் கலந்த போர்டோ பசையைக் கவாத்து முடிந்த அன்றே பூசிவிடுவோம். பொந்தில் சிமெண்ட் அடைப்பது இன்னொரு பழைய பழக்கம். 1901-ல் ஜான் டேவி என்பவர் மர வைத்தியத்தைப் பற்றிப் புத்தகம் போட்ட காலத்தை ஒட்டி அமெரிக்காவில் அது பெரிய மோஸ்தராக இருந்தது, பிற்பாடு அவர்களே கைவிட்டார்கள். காற்றில் மரம் அசையும், சிமெண்ட் அசையாது. இடுக்கில் தண்ணீர் இறங்கி நிற்கும். நம் கோயில்களில் தலவிருட்சத்துக்கு இன்றும் பக்தியோடு சிமெண்ட் அடைக்கிறார்கள். அந்தச் செலவுக்குத் தூரைச் சுற்றிப் போட்ட டைல்ஸைப் பெயர்த்து எடுத்தால் மரம் பிழைக்கும்.

மொட்டை அடிப்பதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சின்னசேலத்தில் ஒரு வீட்டம்மா சொன்னார்: "அடுத்த வருஷம் மறுபடி செலவு வரக் கூடாதுங்க மேஸ்திரி, மொட்டையா அடிச்சிடுங்க." நான் சொன்னேன்: "மொட்டை அடிச்சாத்தாம்மா நான் வருஷா வருஷம் வரணும்." மொட்டை அடித்த இடத்தில் கொத்துக் கொத்தாகச் சிம்பு வெடிக்கும். அவை பார்க்கச் செழிப்பாக இருக்கும், ஆனால் உள்கட்டையிலிருந்து வந்தவை இல்லை, மேல்பட்டைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருப்பவை. நான்கைந்து வருஷத்தில் அவையே கைக்கனம், கால்கனம் ஆகும். அடியில் வெட்டுவாயோ உளுத்திருக்கும். அப்புறம் சித்திரையில் ஒரு சூறைக்காற்று போதும். ஒரு தடவையில் மரத்தின் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதுதான் நான் வைத்திருக்கும் அளவு. உள்ளே காற்று புகுந்து போக வழி செய்துவிட்டால், உயரத்தைக் குறைக்காமலேயே மரம் புயலை ஓரளவு தாங்கும். முருங்கை, பூவரசு, கிளுவை இவையெல்லாம் மொட்டை அடித்தாலும் கோபப்படாது, ஆட்டுக்குத் தழைக்காக அவற்றைக் காலங்காலமாக வெட்டித்தான் வருகிறோம். அந்தப் பழக்கத்தை வாகைக்கும் மாவுக்கும் கொண்டுபோகிறார்கள் என்பதுதான் வம்பு.

கிளையை வெட்டுவதைவிட இறக்குவதில்தான் கூலியில் பெரும்பங்கு போகிறது. பச்சைப் புளியங்கட்டை ஒரு கன அடி 30 கிலோ அளவுக்கு வரும். ஓர் அடி குறுக்களவில் 10 அடி நீளத் துண்டு என்றால் ஏறக்குறைய 8 கன அடி, அதாவது கால் டன்னுக்குப் பக்கம். அது உங்கள் சீமை ஓட்டுக் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை யாரும் கையால் பிடிக்க முடியாது. வெட்டப் போகிற கிளையில் கயிற்றைக் கட்டி, அதற்கு மேலே உள்ள பலமான கவையில் கப்பி மாட்டி, கயிற்றைக் கீழே கொண்டுவந்து மரத்தின் தூரிலேயே இரண்டரை அல்லது மூன்று சுற்றுச் சுற்றுவோம். அந்தச் சுற்றின் உரசல்தான் பாரத்தைத் தாங்குகிறது. ஒல்லியான ஆள் ஒருவரே கயிற்று நுனியை விட்டு விட்டுப் பிடித்து, கால் டன்னைத் தரையில் சத்தமில்லாமல் உட்கார வைப்பார். ஆனால் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, சுற்றுக்கு உள்ளே கால் வைக்கக் கூடாது. என் குழுவில் அந்த நுனியைப் பிடிப்பவர் என் மாமா. "மாமா, விடட்டுமா?" என்று மேலிருந்து கேட்டு, "விடு" என்று அவர் குரல் வந்த பிறகுதான் கடைசி இழையை அறுப்பேன். அவர் பேசாமல் இருந்தால் எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன்.

முழு மரத்தைச் சாய்ப்பது இதைவிட எளிது, இடம் இருந்தால். சாயும் பக்கம் கனத்தில் கால் பங்குக்கு ஆப்பு வடிவில் வாய் வெட்டுவது, பின்பக்கம் அந்த வாய்க்கு ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் உயரத்தில் அறுத்து வருவது. இரண்டுக்கும் நடுவே குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு அறுக்காமல் விடுகிற பட்டைதான் கீல். மரம் அந்தக் கீலில் திரும்பித்தான் விழுகிறது. அவசரத்தில் கீலையும் அறுத்துவிட்டால் மரம் யார் பேச்சையும் கேட்காது. சாயத் தொடங்கியதும் பின்பக்கம் நேராக ஓடாமல் சாய்வாக ஒதுங்க வேண்டும், தூர் பின்னால் எகிறும். விழுந்து கிடக்கும் மரம் நிற்கிற மரத்தைவிட மோசம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு படுத்துக் கிடந்தன. தண்டை அறுத்ததும் வேர்க்கட்டை தானாகப் பழையபடி எழுந்து உட்காரும். அதன் குழிக்குள் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். முதலில் அவர்களை விரட்டிவிட்டுத்தான் வாளைக் கிளப்புவோம்.

மின்கம்பி. 11,000 வோல்ட் கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் போனாலே தாவும். பச்சைக் கிளையும் ஈர மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். லைன்மேன் வந்து ஆஃப் செய்து, அவர் வாயால் சொன்னால்தான் ஏறுவேன். "எங்க தெருவுல கரண்டு போயிருச்சு, ஏறுங்க" என்று வீட்டுக்காரர் சொல்வதை நம்புவதில்லை. எங்கோ ஒரு கடையில் தப்பாகக் கோத்த ஜெனரேட்டர் ஓடினால் செத்த கம்பி உயிர் பெறும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்துகிற நாளைப் பேப்பரில் பார்த்து வைத்துக்கொண்டு அன்றைக்கு வேலை பேசுவது உத்தமம். இந்த வேலைக்குக் காப்பீடும் சரியாக அமைவதில்லை. தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீடு இருக்கிறது. புளி ஏறிக் கழிக்கிற என் குழுவில் ஒருவருக்கும் இந்த வேலையின் பெயரில் காப்பீடு கிடையாது.

கட்டைக்கு விலை இல்லை என்று நான் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பிகள் வாகைக் கட்டையைத் தேடி வாங்குகிறார்கள். உங்கள் மரத்துக் கட்டை நன்றாக இருந்தால் நீங்களே மரக்கடையில் விலை கேளுங்கள். கூலிக் கணக்கையும் கட்டைக் கணக்கையும் ஒரே துண்டில் முடியாதீர்கள், அவ்வளவுதான். பொது இடத்து மரம், சாலையோர மரம் என்றால் அனுமதி இல்லாமல் உங்களுக்கும் எனக்கும் அதில் கை வைக்க உரிமை இல்லை. அரசு நிலத்து மரத்துக்கு மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. உங்கள் பட்டா நிலத்தில் நின்றாலும் சந்தனத்தை வனத்துறையைக் கேட்காமல் தொட முடியாது, பனையை ஆட்சியர் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. "எல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொல்கிற மரவியாபாரியை நம்பினால் கடைசியில் மாட்டுவது அவர் இல்லை.

வேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரத்தின் வேர் ஆழத்தில் இருப்பதாக நினைக்கிறோம். பெரும்பாலான வேர் மேல்மண்ணில் இரண்டடிக்குள்தான், தழை நிழலுக்கும் வெளியே வரை ஓடியிருக்கும். குழாய் பதிக்க ஜேசிபி ஒரு பக்கம் பள்ளம் எடுத்தால் அந்தப் பக்கத்துப் பிடி போயிற்று. இலை வாடாது, மரம் பச்சையாகவே நிற்கும். அடுத்த பெருமழையில் மறுபக்கம் சாயும்போது காற்றைக் குறை சொல்வோம். உங்கள் தெருவில் பள்ளம் எடுக்கிறார்கள் என்றால் தூரிலிருந்து தள்ளி எடுக்கச் சொல்லி அன்றைக்கே சண்டை போடுங்கள்.

ஐப்பசி அடைமழை தொடங்கிய பிறகு, கிளை முறிந்து கூரையில் கிடக்கும்போது ராத்திரி பதினோரு மணிக்கு எங்களைக் கூப்பிடுகிறீர்கள். ஈர மரத்தில், இருட்டில், காற்றில் ஏற வேண்டியிருக்கிறது. கேட்கிற கூலியும் இரட்டிப்பாகிறது. ஆவணி மாதமே மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். காய்ந்த கொப்பும் காளானும் உங்கள் கண்ணுக்கே தெரியும். ஆளைக் கூப்பிட்டால் எந்தக் கிளை, எந்த இடத்தில் வெட்டு என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தெரியாதவரை ஏற்றாதீர்கள். ஆவணியில் எங்களுக்கு வேலை குறைவு, கூலியைக் குறைத்தே பேசலாம்.